பங்குனி முதல் வைகாசி வரை கட்டட வேலை: நெல்லைச் சீமையில் விபத்தின்றி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மழை ஓய்ந்து தையில் தொடங்கிய வீடுகள் பங்குனியில் லிண்டல் மட்டத்தை, அதாவது கதவு, ஜன்னல்களுக்கு மேல் வரும் விட்டத்தின் உயரத்தை, தொட்டிருக்கும். மாசி 22, சித்திரை 10 ஆகிய வாஸ்து நாட்களில் பூசை போட்டவர்கள் அதை ஒட்டித்தான் வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரே தெருவில் ஒரு மனையில் பள்ளமும் அடுத்த மனையில் சாரமுமாக இருக்கும் இந்த மாதங்களில் கடும் வெயில், திடீர்க் கோடை மழை, காய்ந்து வெடிக்கும் மண் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

சொந்த வீடு கட்டுகிறவர்கள், முதன்முறையாக வேலையைப் பொறுப்பேற்கும் மேஸ்திரிகள், புதிதாக வந்த பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். ஹெல்மெட் வாங்கிவிட்டுக் கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள். சாரத்தைக் கட்டி முடித்த பிறகு மின்கம்பியை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. கடப்பாரையை எடுப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

குடிநீருக்குத் தனித் தொட்டி அல்லது மூடியுள்ள கேன்கள், நிழல் கொட்டகை, கதவும் தாழ்ப்பாளும் உள்ள தற்காலிகக் கழிப்பறை, 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்கசிவுத் தடுப்பான், இரண்டு ஏணிகள், உறுதியான நைலான் கயிறு, முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை மனைக்கு வந்து சேர்ந்த பிறகே ஆட்களை வரச் சொல்லுங்கள். வேலை ஓடத் தொடங்கிவிட்டால் இவை ஒவ்வொன்றும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகும்.

ஒரு பலகையில் 108, 112 ஆகிய எண்களையும், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987 என்பதையும், மனையின் முகவரியையும் ஓர் அடையாளத்தோடு பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். பாளையங்கோட்டை, மானூர்ப் பக்கங்களில் புதிதாக உருவாகும் நகர்களில் தெருப் பெயர்ப் பலகையே இருக்காது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வழி சொல்லத் தெரியாமல் கால் மணி நேரம் வீணாகக் கூடாது.

வேலையாட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதையும் அன்றே கேளுங்கள். 18 வயது நிரம்பி 60 வயதைத் தாண்டாதவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து நேர்ந்த பிறகு பதிவைத் தேடுவதால் குடும்பத்துக்குப் பயன் இல்லை.

2. நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள், கூலியையும் சேர்த்துப் பேசுங்கள்

சித்திரை வெயிலில் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகும் வழக்கமான நேரம் பொருந்தாது. காலை ஆறு முதல் பதினொன்றரை வரையிலும், பிற்பகல் மூன்றரை முதல் ஆறு வரையிலும் வெளி வேலை. இடைப்பட்ட நேரத்தில் ஓய்வும், நிழலில் செய்யக்கூடிய கம்பி வளைத்தல், பலகை சுத்தம் செய்தல் போன்ற சில்லறை வேலைகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் 12 முதல் 3 வரை வெளியில் நிற்க வேண்டாம் என்று அரசு ஆண்டுதோறும் எச்சரிப்பது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேர்த்துத்தான்.

இந்த ஏற்பாடு தோற்கும் இடம் கூலி. நேரத்தை மாற்றியதால் சம்பளம் குறையுமோ என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். முழுக் கூலி உண்டு என்பதை முதல் நாளிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசியிருந்தால், முடிக்கும் தேதியில் அதற்கேற்ற அவகாசத்தைச் சேர்த்து எழுதுங்கள். தேதி நெருக்கினால் மதிய வேளையில் சாரத்தின் மேல் ஆள் நிற்பது நிச்சயம்.

வேலைகளின் வரிசையும் வெயிலைப் பொறுத்தே அமைய வேண்டும். மேற்குச் சுவர்ப் பூச்சைக் காலையிலும் கிழக்குச் சுவர்ப் பூச்சை மாலையிலும் வைத்தால், ஆளுக்கும் நிழல் கிடைக்கும்; பூச்சும் சீக்கிரம் காய்ந்து வெடிக்காது.

3. தண்ணீரும் கழிப்பறையும் ஒரே ஏற்பாடு

வெயிலில் உழைப்பவர் கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர் தண்ணீர், அதாவது ஏறத்தாழ 250 மில்லி, குடிக்க வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். தளத்தின் மூலையில் ஒரே ஒரு கேன் வைத்துவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது. வேலை நடக்கும் தளம் ஒவ்வொன்றிலும், கை எட்டும் தூரத்தில், நிழலில் தண்ணீர் இருக்க வேண்டும்.

தண்ணீர் வைத்தும் பெண்கள் குடிப்பதில்லை என்று மேஸ்திரிகள் பலர் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். காரணம் எளிது: ஒதுங்க இடமில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய சித்தாள் மாலையில் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால், குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றியபடி படியில் மயங்கி விழும் பெண்ணுக்கு அந்த மயக்கம் பல நேரங்களில் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே கழிப்பறையைச் சுகாதார வசதி என்று மட்டும் எண்ண வேண்டாம். விபத்துத் தடுப்பில் அது முதல் வரிசையில் வரும் பொருள். நான்கு தகரங்களும் ஒரு கோப்பையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஆனால் அது வேலை தொடங்கும் நாளிலேயே இருக்க வேண்டும்.

காலையில் நீராகாரம், பதினொரு மணிக்கு உப்புப் போட்ட மோர் என்று கொடுத்தால் உடல் இழக்கும் உப்பும் திரும்பும். இந்தப் பருவத்தில் கிடைக்கும் பதநீரும் நுங்கும் நல்லவைதான். ஆனால் அவை தண்ணீருக்கு ஈடாகா. டீயை மட்டும் நம்பி நாளைத் தள்ளுகிறவர்களைக் கவனித்து, கூடவே தண்ணீரும் கொடுங்கள்.

4. புதிதாக வந்தவரை வெயிலுக்குப் பழக்குங்கள்

வெயில் பாதிப்பு அதிகம் தாக்குவது முதல் சில நாட்களில். வெளிமாநிலத்திலிருந்து அன்றே வந்து இறங்கியவரும், நீண்ட விடுப்பில் இருந்து திரும்பிய உள்ளூர் கையாளும் இந்த விஷயத்தில் ஒன்றே. முதல் நாள் வெயில் வேலையை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் அதே அளவு கூட்டிக்கொண்டு போங்கள். உடல் முழுமையாகப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

புதியவருக்குப் பழையவர் ஒருவரைத் துணையாக்குங்கள். இந்தி, ஒடியா, வங்காளம் பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களில் தமிழ் புரிந்த ஒருவர் வழியாக ஐந்தே விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எங்கே தண்ணீர், எங்கே மெயின் சுவிட்ச், எதன் மேல் ஏறக் கூடாது, எந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்.

5. வானம் தோண்டுதல்: காய்ந்த மண்ணை நம்ப வேண்டாம்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல் மண் மழைக்காலத்தில் ஊறிப் பருத்திருக்கும். பங்குனியில் சுருங்கி, கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகும். இவ்வளவு கெட்டியான மண் சரியுமா என்று செங்குத்தாக வெட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் அதே சுருக்கத்தால் பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். மேலே புழுதி மூடியிருப்பதால் அது கண்ணில் படாது. மண் பொடிப்பொடியாக உதிராமல் ஒரு சுவரைப் போல மொத்தமாகச் சாயும். கீழே குனிந்திருப்பவருக்கு நிமிரவும் நேரம் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளத்தின் இருபுறமும் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் அகலத்துக்குப் புழுதியைத் துடைப்பத்தால் பெருக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று இல்லாத வெடிப்பு இன்று இருந்தால், அந்தப் பக்கத்தைச் சரிவாக வெட்டி எடுக்கும்வரை யாரையும் இறக்க வேண்டாம்.

திசையன்விளை, இராதாபுரம் பக்கத்துத் தேரி மணல் இதற்கு நேர்மாறானது. ஈரம் இருக்கும்வரை நிற்கும். வெயிலில் காய்ந்ததும் ஓடும். காலையில் நேராக நின்ற பக்கம் மதியத்துக்குள் உதிரத் தொடங்கும். ஆகவே அங்கே முதலிலிருந்தே நல்ல சரிவு கொடுத்துத் தோண்டுவது ஒன்றே வழி.

1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் எந்த மண்ணானாலும் பலகையும் குறுக்குச் சட்டமும் வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும், அல்லது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டுங்கள். மண் குவியலின் எடையே விளிம்பைச் சாய்க்கும். ஜேசிபி, டிராக்டர், செங்கல் லாரி ஆகியவையும் விளிம்பை நெருங்கக் கூடாது.

நீளமான பள்ளத்தில் 30 மீட்டருக்கு ஓர் ஏணியாவது இருக்க வேண்டும். அது தரைமட்டத்துக்கு மேல் 90 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணி இல்லாத இடத்தில் ஆட்கள் பக்க மண்ணில் கால் வைத்து ஏறுவார்கள். அதுவே சரிவைத் தொடங்கி வைக்கும்.

தாமிரபரணிக் கால்வாய்களை ஒட்டிய மனைகளில் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பிசான அறுவடை முடிந்து கால்வாயில் தண்ணீர் வரத்து நின்றுபோயிருக்கும் இந்தச் சமயமே அஸ்திவார வேலைக்கு ஏற்றது. கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் ஊற்று பக்கவாட்டில் கசிந்து மண்ணை இளக்கும். எனவே அதற்குள் அஸ்திவாரத்தை முடித்துப் பள்ளத்தை மூடிவிடத் திட்டமிடுங்கள்.

மாலையில் பள்ளத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறும் வெள்ளைச் சாக்கும் கட்டிவிட்டுப் போங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தெருப் பிள்ளைகளுக்கு மணல் குவியலும் பள்ளமும்தான் விளையாட்டுத் திடல்.

6. சாரமும் முட்டும்

பச்சைச் சவுக்குக் கம்பு வெயிலில் காயும்போது மெலியும். கட்டு தானாகத் தளரும். மாசியில் இறுக்கிக் கட்டிய சாரம் பங்குனி முடிவில் ஆடுவதற்குக் காரணம் இதுதான். வாரம் ஒரு முறை ஒவ்வொரு முடிச்சையும் கையால் பிடித்து அசைத்துப் பார்த்து, தளர்ந்ததை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். மேலே ஆப்பு செருகிச் சமாளிப்பது போதாது. பலகைகளும் காய்ந்து ஓரங்களில் வெடிக்கும். வெடித்த பலகையைத் திருப்பிப் போடாமல் விறகுக்கு அனுப்பிவிடுங்கள்.

3.6 மீட்டருக்கு மேல் உயர்ந்த சாரத்தில் குறைந்தது 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடிக் குறுக்குக் கம்பு வேண்டும். ஏணியைச் சாய்க்கும்போது நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது கணக்கு. இடுப்பு வார், ஹெல்மெட் ஆகியவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். வாரை மாட்டுவதற்கு உறுதியான இடம் எது என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சாரக் கம்பிலேயே மாட்டினால், சாரம் சாயும்போது ஆளும் சேர்ந்து விழுவார்.

தளத்தையும் உத்திரத்தையும் அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரிப்பதில் அவசரம் வேண்டாம். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் போட்ட தளத்துக்கு, தாங்கும் சுவர்களுக்கிடையே 4.5 மீட்டர் வரை இடைவெளி என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் புழங்கும் பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொஸலானா) சிமென்ட் மெதுவாக வலுப்பெறும் என்பதால், இந்த நாட்களை 10/7 மடங்காக்கிக்கொள்ள வேண்டும். அதாவது 7 நாள் 10 ஆகும், 14 நாள் 20 ஆகும். வெயில் கடுமையாக இருக்கிறது, சீக்கிரம் இறுகிவிடும் என்று சொல்லி நாளைக் குறைப்பது ஆபத்தான பேச்சு. மேற்பரப்பு காய்வது வேறு, உள்ளே வலுவேறுவது வேறு. தண்ணீர் கட்டாமல் காய்ந்த தளம் வலுக் குறைந்தே இருக்கும்.

7. மின்சாரம்

இரும்புக் கம்பிக் கட்டு 12 மீட்டர் நீளத்தில் வரும். மாடியில் நின்று அதை மேலே இழுக்கும்போது ஒரு முனை எங்கே சுழலும் என்பதைத் தரையிலேயே அளந்து பாருங்கள். மின்கம்பிக்கும் வேலைக்கும் 3 மீட்டர் இடைவெளியாவது இல்லையென்றால், மின்வாரியத்துக்கு எழுதி இணைப்பை நிறுத்தவோ கம்பியை மாற்றவோ ஏற்பாடு செய்த பிறகே சாரத்தை உயர்த்துங்கள். மின்கம்பியில் பிவிசி குழாயை மாட்டுவது பாதுகாப்பாகாது. அது பறவைக்கும் காற்றுக்கும் நிற்கலாம், இரும்புக் கம்பிக்கு நிற்காது.

கலவை இயந்திரம், வைப்ரேட்டர், மோட்டார் ஆகிய எல்லாம் மின்கசிவுத் தடுப்பான் வழியாகவே ஓட வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைத் தினமும் காலையில் அழுத்திப் பாருங்கள். ஒயரைத் தரையில் இழுத்துப் போட வேண்டாம். தளத்துக்குத் தண்ணீர் விடும் இடமெல்லாம் ஈரம்தான். வெயிலில் கிடந்து மேலுறை வெடித்த ஒயரை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

8. தளம் போடும் நாள்

விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடியும் அளவுக்கே பரப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலையில் முட்டுகளை எண்ணி, அடியில் செங்கல் துண்டு வைத்து நிறுத்தியவற்றைப் பலகை வைத்து மாற்றுங்கள். காங்கிரீட் விழும்போது பலகைக்குக் கீழே ஆள் யாரும் இருக்கக் கூடாது. கசிவைப் பார்க்க வேண்டியவர் வெளியே நின்று பார்க்கட்டும்.

வியர்வையோடு சேரும் சிமென்ட் பால் தோலை அரிக்கும். கம்பூட்ஸும் கையுறையும் கொடுங்கள். காலில் பட்டால் உடனே கழுவச் சொல்லுங்கள்.

9. கோடை மழையும் இடியும்

பங்குனி, சித்திரையில் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் மேற்கே மலைப் பக்கம் மேகம் குவிந்து, அரை மணி நேரத்துக்குள் காற்றும் இடியுமாக வந்து சேரும். மழைக்கு முன் வரும் அந்தக் காற்றே தகரத்தையும் தளர்ந்த பலகையையும் பறக்கவிடும். பலகைகளைக் கட்டி வைப்பது தினமும் பிற்பகல் மூன்றரை மணிக்குச் செய்யும் வேலையாக இருக்கட்டும்.

இடிச் சத்தம் காதில் விழுந்தவுடன் மாடியிலும் சாரத்திலும் இருப்பவர்கள் இறங்க வேண்டும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்தான் அந்த இடத்தில் மிக உயரமான இரும்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மேலே ஏற வேண்டும். தகரக் கொட்டகையும் மரத்தடியும் ஒதுங்கும் இடங்கள் அல்ல. தளம் போட்டு முடிந்த வீடோ கதவு மூடிய வாகனமோ நல்லது. தாமினி செயலியை மேஸ்திரியின் கைபேசியில் ஏற்றி வைத்தால் முன்னெச்சரிக்கை கிடைக்கும்.

மழை நின்றவுடன் பள்ளத்தில் இறங்க வேண்டாம். வெடிப்புகளுக்குள் இறங்கிய தண்ணீர் உள்ளிருந்து தள்ளும். தண்ணீரை இறைத்து, விளிம்பை மறுபடி பெருக்கிப் பார்த்து, அடுத்த நாள் காலையில் தொடருங்கள்.

10. தண்ணீர்த் தொட்டியில் பலகை பிரித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். தரைமட்டத் தொட்டிக்கு மூடு போட்டு, நாட்கள் கழித்துச் சிறு வாய் வழியாக ஒருவர் இறங்கி, காங்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பது வழக்கம். மூடிய தொட்டிக்குள் ஈரப் பலகை மக்கும்போது அங்கிருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகிறது. வாடை வராது, புகை தெரியாது. இறங்கியவர் சுருண்டு விழுவார். மூச்சு முட்டியதோ வழுக்கியதோ என்று எண்ணி இரண்டாமவர் குதிப்பார். அவரைத் தூக்க மூன்றாமவர். உயிரிழப்பு ஒன்றோடு நிற்காமல் போவது இப்படித்தான்.

செய்ய வேண்டிய வரிசை இது: எல்லா மூடிகளையும் முந்தின நாளே திறந்து வையுங்கள். மறுநாள் காற்றூதியின் குழாயை அடிவரை இறக்கி, குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டு, வேலை முடியும்வரை நிறுத்தாதீர்கள். அளவுமானியில் பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. இறங்குபவரின் உடலில் வாரும் கயிறும் இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை இருவர் மேலே பிடித்திருக்க வேண்டும். மெழுகுவத்தி எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. மனிதருக்குப் போதாத காற்றிலும் அது சற்று நேரம் எரியும். எரிவாயு இருந்தால் தீப்பிடிக்கும். உள்ளே விழுந்தவரை மேலிருந்து கயிற்றால் இழுங்கள், காற்றைச் செலுத்துங்கள், 112-ஐ அழையுங்கள். யாரும் இறங்க வேண்டாம்.

பழைய கழிவுநீர்த் தொட்டியைத் திறந்து இணைக்கும் வேலைக்கு ஆளை இறக்கவே கூடாது. ஆளை இறக்கி அபாயகரமான முறையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயந்திரத்தை வரவழையுங்கள்.

11. செங்கல் அடுக்கும் பாம்பும்

வெயில் காலத்தில் சுருட்டை விரியனும் தேளும் செங்கல், ஜல்லி, பலகை அடுக்குகளின் குளிர்ந்த இடுக்குகளில் தங்கும். அடுக்கைக் கீழிருந்து உருவாமல் மேலிருந்து எடுங்கள். கை விடும் முன் கம்பால் தட்டுங்கள். கடித்தால் இறுகக் கட்டவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் பலகை வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் நேராகப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள்.

12. பங்குனி உத்திரத்துக்குப் பின் முதல் நாள்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களுக்குக் குடும்பத்தோடு போகும் வழக்கத்தால் பல மனைகளில் சில நாட்கள் வேலை நிற்கும். ஹோலியை ஒட்டி வடமாநிலத்தவரும் ஊர் போவார்கள். இந்த இடைவெளியில் சாரக் கட்டு தளர்ந்திருக்கும், பள்ளத்தின் பக்கம் வெடித்திருக்கும், யாராவது ஒரு முட்டுக் கம்பை அவசரத்துக்கு உருவிக்கொண்டு போயிருப்பார்கள். திரும்பிய முதல் நாளின் முதல் ஒரு மணி நேரத்தில் வேலை எதுவும் வேண்டாம். ஐந்தாம் பகுதி முதல் ஏழாம் பகுதி வரை உள்ள சோதனைகளை வரிசையாக முடியுங்கள். நீண்ட விடுப்பில் இருந்து திரும்பியவர்களுக்கு நான்காம் பகுதியில் சொன்ன வெயில் பழக்கமும் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

13. வெயில் தாக்கியவருக்கு

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை என்ற நிலையில் நிழலில் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தால் பெரும்பாலும் தேறுவார். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். அன்று அவருக்கு மறுபடி வேலை வேண்டாம்.

பேச்சுக் குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று காத்திருக்க வேண்டாம். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை இருந்துகொண்டே அது வரலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் குளிரவையுங்கள். சட்டையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தளத்துக்கு விடும் குழாய்த் தண்ணீர் இந்த நேரத்தில் ஆளுக்குப் போகட்டும். ஆனால் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிக்கும்; அதைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

14. வைகாசிக் காற்றுக்கு முன்

வைகாசியில் மேற்கிலிருந்து கணவாய்க் காற்று எழும், ஆனியில் வலுக்கும். அதற்குள் மேல்தளத்தில் தனியே நிற்கும் கைப்பிடிச் சுவர்களுக்குப் பக்கத் தாங்கல் கொடுங்கள். ஈரம் காயாத, ஒற்றைக்கல் கனமுள்ள உயர்ந்த சுவரை இரவில் அப்படியே விட்டுப் போகாதீர்கள். சாரத்தில் கட்டிய பச்சை வலையும் தார்ப்பாயும் காற்றைப் பிடித்துச் சாரத்தையே இழுக்கும். எனவே அவற்றை அவிழ்த்துவிட்டு, சாரத்தைச் சுவரின் ஜன்னல் திறப்புகள் வழியாக உட்புறக் கம்போடு சேர்த்துக் கட்டுங்கள்.